நவம்பர் 1: எல்லையோர வாசகசாலையின் நாள்பலகை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கு அருகில், கேரள எல்லைக்கு நடந்தே போய்வரக்கூடிய தொலைவில் எங்கள் ஊர் வாசகசாலை இருக்கிறது. அதன் திண்ணைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய தேதியில் கொண்டாடப்படும் நாள்கள், முன்பு அதே தேதியில் நடந்த நிகழ்ச்சிகள், பிறந்தவர்கள், மறைந்தவர்கள் ஆகிய விவரங்களைக் காலைதோறும் சுண்ணக்கட்டியால் அதில் எழுதிவைப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். ஆண்டு முழுவதிலும் மிகுதியான கேள்விகள் வருவது நவம்பர் 1-ஆம் தேதியைப் பற்றித்தான். அன்று எழுத வேண்டியவை பலகையில் அடங்குவதில்லை. சுருக்கி எழுதினாலோ, விட்டுப்போனவற்றைப் பற்றி மாலை வரை யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே கேள்விகளையும் விடைகளையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் விடுமுறை வருவது ஏன்?

1956 நவம்பர் 1, வியாழக்கிழமை அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து, கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரைப் பெற்றன. தாய்த் தமிழகத்துடன் இணைந்த நாள் என்று இங்குள்ளவர்கள் அதைச் சொல்கிறார்கள். அந்த நினைவாக மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதும், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவதும் வழக்கம். இது மாநிலம் முழுமைக்குமான அரசு விடுமுறை அன்று; ஒவ்வோர் ஆண்டும் தனி அறிவிப்பாக வருவது. ஆகையால் பிள்ளைகளின் பெற்றோர் பலகையை நம்பாமல் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே நல்லது. அன்று நாகர்கோவிலில் இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. ஐப்பசி மழைக்காலம் என்பதால் குடை பிடித்துக்கொண்டு மாலையுடன் வரிசையில் நிற்பவர்களை அங்கே பார்க்கலாம்.

இணைப்பு அரசாணை ஒன்றினால் அமைதியாக நடந்ததா, போராட்டம் இருந்ததா?

போராட்டம் இருந்தது, உயிர்ப்பலியும் இருந்தது. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று 1945-இலேயே கூடிப் பேசியிருக்கிறார்கள். அதிலிருந்து வளர்ந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் மிகுதியாக வாழும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைக்கப்பட்ட பிறகு இந்தக் கோரிக்கை மேலும் வலுத்தது. விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் 1895-இல் பிறந்த வழக்கறிஞர் ஏ. நேசமணி அதன் முதன்மைத் தலைவராக விளங்கினார். 1952 பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்கும் சென்றார்.

1954 ஆகஸ்ட் 11 அன்று விடுதலை நாள் என்ற பெயரில் ஊர்வலங்களும் கூட்டங்களும் நடந்தபோது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் இறந்தனர். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை. அதே கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, மக்கள் மீது துப்பாக்கியை நீட்டிய அரசு பதவி விலக வேண்டும் என்று தம் கட்சியின் அரசையே கேட்டார். பலகையில் ஒற்றை வரிக்கு மேல் இடமில்லாத ஆண்டிலும் இந்தச் செய்தியை நான் விட்டதில்லை.

நடுவண் அரசு 1953 டிசம்பரில் நியமித்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவர் இருந்தனர். 1955 செப்டம்பர் 30-இல் அவர்கள் அளித்த அறிக்கை, மேற்சொன்ன நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குத் தரப் பரிந்துரைத்தது. அதன்மேல் இயற்றப்பட்ட மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்ட் 31-இல் ஒப்புதல் பெற்று நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராசர்.

செங்கோட்டையும் அதே நாளில்தான் சேர்ந்ததா? தேவிகுளமும் பீர்மேடும் ஏன் வரவில்லை?

செங்கோட்டையும் அதே நாளில்தான் சேர்ந்தது. ஆனால் தாலுகா முழுவதுமாக வரவில்லை. ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் இணைந்தது. மலைக்கு அப்பாலுள்ள ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. இன்று செங்கோட்டை, 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்குள் நுழையும் சாலையில் திருவிதாங்கூர் காலத்து வளைவு இன்றும் நிற்கிறது. குற்றாலம் போகிறவர்கள் சற்று நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கேட்கப்பட்டவை ஒன்பது தாலுகாக்கள். நெய்யாற்றின்கரை, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய நான்கும் கிடைக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களில் தமிழர் மிகுதியாக இருந்தபோதிலும், அவர்களில் பலர் வேலைக்காக வந்துபோகிறவர்கள் என்றும், அந்த மலைப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்றும் ஆணையம் கருதியது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை வந்துபோகிறவர்கள் என்று எண்ணியது சரியன்று என்பது என் கருத்து. கம்பம், போடிப் பக்கத்து உறவினர் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. முல்லைப் பெரியாறு அணை இருப்பது அந்தப் பீர்மேட்டு மலையில் என்பதை நினைத்தால் அதற்குக் காரணம் விளங்கும்.

எல்லைக்கு அப்பால் அன்று கேரளப் பிறவி கொண்டாடுகிறார்கள். அதுவும் இதே நிகழ்ச்சிதானா?

ஒரே சட்டம், ஒரே நாள். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் தாலுகாக்களைக் கழித்து, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தையும் தென் கன்னட மாவட்டத்தின் காசர்கோடு தாலுகாவையும் கூட்டியபோது கேரளம் பிறந்தது. அன்று ஐந்து மாவட்டங்கள், இன்று பதினான்கு. சட்டமன்றத் தேர்தல் நடந்து இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு முதலமைச்சராகப் பொறுப்பேற்றது 1957 ஏப்ரல் 5-இல். நவம்பர் 1-இல் தொடங்கி ஒரு வாரம் அங்கே அரசு அலுவலகங்களில் ஆட்சிமொழி வாரம் நடைபெறுகிறது.

அவர்களுக்கு அது விடுமுறை நாள் அன்று என்பதைப் பலரும் அறிவதில்லை. இங்கே பள்ளி பூட்டியிருக்கும். இஞ்சிவிளையைத் தாண்டிவிட்டால் அங்கே பள்ளி நடக்கும். காலை எட்டு மணிக்குப் பாறசாலைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால், கசவுக்கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்த ஆசிரியைகளும், வேட்டியைக் கையில் பிடித்தபடி படியேறும் சிறுவர்களும் நிறைந்திருப்பார்கள். சென்ற ஆண்டு அந்தச் சிறுவர்களில் ஒருவனுக்கு வேட்டி நழுவிக்கொண்டே இருந்தது. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் தம் பையிலிருந்த சணல் கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டிவிட்டார். அவன் மலையாளத்தில் நன்றி சொன்னான். அவர் தமிழில் வாழ்த்தினார்.

எல்லைக்கோடு மக்களைத் துல்லியமாகப் பிரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளவங்கோடு தாலுகாவில் மலையாள வழிப் பள்ளிகள் இன்றும் உள்ளன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

ஆந்திர மாநிலம் அமைந்த நாள் அக்டோபர் 1-ஆ, நவம்பர் 1-ஆ?

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு. தெலுங்கு பேசும் மாவட்டங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் சென்னையில் உயிர்நீத்தார். அதன் விளைவாக 1953 அக்டோபர் 1-இல் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் உருவானது. ஐதராபாத் மாநிலத்தின் தெலங்கானாப் பகுதி அதனுடன் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது 1956 நவம்பர் 1-இல். 2014 ஜூன் 2-இல் தெலங்கானா பிரிந்துவிட்டதால், அதன் பிறகு எந்த நாளைக் கொண்டாடுவது என்பதில் ஆந்திரத்தில் ஆட்சிக்கு ஆட்சி வழக்கம் மாறியது. 2019-இல் அமைந்த அரசு நவம்பர் 1-ஐ மீண்டும் விழா நாளாக்கியது. சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பகுதிகளில் வாழும் தமிழர்கள் கேட்டால் இந்த விவரம் முழுவதையும் சொல்ல வேண்டும். ஒற்றைத் தேதி அவர்களுக்குப் போதாது.

திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்ததும் நவம்பர் 1-இல்தானே?

இல்லை. வடக்கு எல்லைப் போராட்டத்தை ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்தினர். நடுவர் படாஸ்கர் முன்னிலையில் இரு மாநிலங்களும் பேசி உடன்பட்ட பிறகு, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் நகரம் ஆந்திரத்திலேயே நின்றது. அந்தத் தேதி வேறு ஒரு நாளின் பலகைக்கு உரியது.

தமிழ்நாடு நாள் எது? ஒருவர் நவம்பர் 1 என்கிறார். மற்றொருவர் ஜூலை 18 என்கிறார்.

நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாட 2019-இல் அன்றைய அரசு முடிவெடுத்தது. 2021-இல் அடுத்து வந்த அரசு, ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 1967 ஜூலை 18-இல்தான் முதலமைச்சர் அண்ணா, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். இதே பெயருக்காக விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-இல் இறந்தார். மாநிலச் சீரமைப்புக்கு மூன்று வாரம்கூட இல்லாத வேளை அது.

என் கருத்தைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயருக்கு உரிய நாள் ஜூலை 18, மண்ணுக்கு உரிய நாள் நவம்பர் 1. குமரியிலும் செங்கோட்டையிலும் பிறந்தவர்கள் பின்னதை மறக்க முடியாது. எனினும் சென்னைக்காரர்களுக்கு நவம்பர் 1 என்பது மலபாரும், பெல்லாரிக்குப் பின் தென் கன்னடமும், கொள்ளேகாலமும் கையைவிட்டுப் போய் மாநிலம் சுருங்கி நின்ற நாளாகவும் தோன்றலாம். அதையும் மறுப்பதற்கில்லை.

வேறு எந்த மாநிலங்களுக்கு இது பிறந்தநாள்?

கர்நாடகம் (அன்று மைசூர் மாநிலம்), மத்தியப் பிரதேசம் ஆகியவை 1956-இல், அரியானா 1966-இல், சத்தீசுகர் 2000-இல். லட்சத்தீவு 1956 நவம்பர் 1-இல் ஒன்றியப் பகுதியானது. 1973-இல் இதே தேதியில் மைசூர் கர்நாடகம் ஆனது. லக்கதீவு, மினிக்காய், அமீனதீவு என்று நீண்டிருந்த பெயர் லட்சத்தீவு என்று ஆனது.

புதுச்சேரிக்கு இது விடுதலை நாள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றனர். அதே ஆண்டு நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி நிர்வாகத்தை ஒப்படைத்தது. சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால் அங்கே இரண்டு நாள்களையும் நினைவுகூர்கிறார்கள். புதுச்சேரியின் மாகி கேரளக் கரையிலும் ஏனாம் ஆந்திரக் கரையிலும் இருப்பதால், எல்லைப்புற மக்களுக்கு இச்செய்தி அயலானது அன்று.

சகல புனிதர்கள் திருநாளும் கல்லறைத் திருநாளும் ஒன்றா?

ஒன்றன்று, அடுத்தடுத்த நாள்கள். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். நவம்பர் 2 இறந்த எல்லா ஆன்மாக்களுக்குமான நாள். அதையே நாம் கல்லறைத் திருநாள் என்கிறோம். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி உரோமைப் பேதுரு ஆலயத்தில் எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். அடுத்த நூற்றாண்டில் நவம்பர் 1 மேற்குத் திருச்சபை முழுவதிலும் நிலைபெற்றது. நவம்பர் 2 வழக்கம், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் குளூனி மடத் தலைவர் ஓடிலோ தொடங்கியது. பெயர் தெரிந்த புனிதர்களுக்கு ஆண்டு முழுவதும் தனித்தனி நாள்கள் உண்டு. யாருக்கும் தெரியாமல் நல்வாழ்வு வாழ்ந்து மறைந்தவர்களுக்கு உரியது நவம்பர் 1. நம் மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் இந்த நிலையை அடைந்த முதல்வர் அவர். அதற்குப் பின் குமரி ஆலயங்களில் இந்தத் திருநாளுக்குத் தனி நெருக்கம் வந்திருக்கிறது.

நவம்பர் 1 மாலையில் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் வேலை நடந்துகொண்டிருக்கும். புல்லைச் செதுக்குவார்கள்; கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்; பெயர்ப்பலகையின் எழுத்துகளுக்குள் கறுப்பு வண்ணத்தைத் தூரிகையால் நிரப்புவார்கள். மழையில் நனைந்துவிடாமல் மெழுகுதிரிகளைப் பனையோலைப் பெட்டியில் மூடி எடுத்துவரும் முதிய பெண்களை எங்கள் ஊரில் இன்றும் பார்க்கலாம். இதற்கான பூ பெரும்பாலும் தோவாளைச் சந்தையிலிருந்து வருகிறது. விடியுமுன் கூடும் அந்தச் சந்தையில் பிச்சி, அரளி, கோழிக்கொண்டை, வாடாமல்லி எல்லாம் இருந்தாலும், அந்த இரண்டு நாள்களில் கண்ணை நிறைப்பது ஆரஞ்சும் மஞ்சளுமாகக் குவிந்து கிடக்கும் கேந்திதான் (செண்டுமல்லி).

அந்தக் கேந்திப்பூ நம் நாட்டில் தோன்றியதன்று. அதன் தாயகம் மெக்சிகோ. மெக்சிகோவிலும் இதே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரின் நாள் கொண்டாடுகிறார்கள். முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. இறந்தவர் வீடு திரும்ப வழி தெரிய வேண்டும் என்று வாசலிலிருந்து படையல் வரை கேந்தி இதழ்களைத் தூவிப் பாதை போடுகிறார்கள். இந்த மரபை யுனெஸ்கோ 2008-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோவாளையில் கேந்தி எடை போடுகிறவரிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒரு பூவைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; பிறகு எடைக்குமேல் ஒரு கை அள்ளிப் போட்டார்.

உலக நனிசைவ நாள் என்றால் என்ன? அது சைவம்தானே?

சைவ உணவில் பால், தயிர், நெய், தேன் உண்டு. நனிசைவத்தில் விலங்குகளிடமிருந்து வரும் எதுவுமே இல்லை. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கினர். அதன் ஐம்பதாம் ஆண்டில், 1994-இல், அப்போது சங்கத்தின் தலைவராக இருந்த லூயிஸ் வாலிஸ் நவம்பர் 1-ஐ அதற்குரிய நாளாக்கினார்.

தேங்காய் விளையும் நம் நாட்டில் இந்த நாளைக் கடைப்பிடிக்கக் கடையில் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் நனிசைவம். பயறும் கஞ்சியும் நனிசைவம். தீயல் நனிசைவம். அவியலில் தயிர் ஊற்றுகிற வீட்டில் அது ஆகாது; புளியோ மாங்காயோ சேர்க்கிற வீட்டில் ஆகும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த பாயாசம், நெய்யில் முந்திரி வறுத்துப் போடுகிற கடைசிக் கட்டம் வரை நனிசைவம். அதற்குப் பதில் தேங்காய்ப் பல்லைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போட்டால் குறை ஒன்றும் இல்லை. மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் என்பதையும் பலகையில் அதே வரியில் எழுதிவிடுவது என் வழக்கம்.

உலக வரலாற்றில் அன்று நடந்தவற்றுள் நாம் அறிய வேண்டியவை எவை?

1755: லிஸ்பன் நிலநடுக்கம். சகல புனிதர்கள் திருநாள் காலை என்பதால் ஆலயங்கள் நிரம்பியிருந்தன. ஒன்பதரை மணிக்கு மேல் நிலம் அதிர்ந்தது. பீடங்களில் எரிந்த மெழுகுதிரிகள் சரிந்து தீப்பிடித்தது. இடிபாடுகளுக்குத் தப்பிய மக்கள் ஆற்றுமுகக் கரைக்கு ஓடினார்கள். அங்கே நீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. பிறகு அலை வந்தது. இதைப் படிக்கிற குமரிக் கடற்கரைக்காரர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, குளச்சலிலும் கீழமணக்குடியிலும் வந்ததும் அதே கடல்தான். கடல் உள்வாங்கினால் பார்க்கப் போகாதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள் என்பதை ஆண்டுதோறும் இந்த வரியின் கீழ் அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

1858: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து பிரித்தானிய முடியாட்சி தொடங்கியதை அறிவிக்கும் விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தைக் கானிங் பிரபு அலகாபாத்தில் வாசித்தார். சமய விஷயங்களில் அரசு தலையிடாது என்ற உறுதிமொழி அதில் இருந்தது. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் மீதான வன்முறை அந்த ஆண்டின் இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் மீண்டும் மூண்டது. பழைய வழக்கத்தை நிலைநிறுத்த அந்த உறுதிமொழியையே துணைக்கு இழுத்தவர்கள் இருந்தார்கள். 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மன்னரின் அறிவிப்பு வந்து, அந்தப் பெண்களுக்கு மேலாடை அணியும் உரிமை கிடைத்தது. தொலைவில் வாசிக்கப்பட்ட ஒரு தாள் நம் ஊர்ச் சந்தை வரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

1952: பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா முதல் ஐதரசன் குண்டைச் சோதித்தது, எலுகலாப் என்ற தீவு மறைந்தேபோனது. 1512: மைக்கலாஞ்சலோ தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை ஓவியங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. 1993: ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது.

அன்று பிறந்தவர்கள், மறைந்தவர்கள் யார்?

நடிகை ஐஸ்வர்யா ராய் 1973-இல் மங்களூரில் பிறந்தார். 1997-இல் அவர் முதலில் நடித்த படம் தமிழ்ப்படம். கிரிக்கெட் வீரர் வி. வி. எஸ். லட்சுமணன் 1974-இல் ஐதராபாத்தில் பிறந்தார். 2001-இல் கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 281 ஓட்டங்களை இளைஞர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மறைந்தவர்களில் எம். கே. தியாகராஜ பாகவதர் முதலில் நிற்கிறார். 1910-இல் பிறந்து, 1959 நவம்பர் 1-இல் காலமானார். புகழின் உச்சியில் இருந்த அவரும், நம் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி, 1947-இல் விடுதலை பெற்றனர். வெளியே வந்த பிறகு பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. அவர் பெயரைப் பலகையில் எழுதும் நாளில், பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் காலையிலிருந்தே அவர் பாடல்களை ஒலிக்கவிடுகிறார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்வதில்லை.

நம் பஞ்சாங்கத்தில் 1956 நவம்பர் 1 எந்த நாள்?

துன்முகி ஆண்டு, ஐப்பசி நடுப்பகுதி. கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1132, துலாம் மாதம். கி.பி. ஆண்டிலிருந்து 825-ஐக் கழித்தால் கொல்லம் ஆண்டு கிடைக்கும். ஆவணி பிறந்த பிறகு என்றால் 824-ஐக் கழிக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் பழைய நில ஆவணங்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் தேவைப்படுகிறது. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரே தென்னந்தோப்பைப் பற்றிய இரண்டு ஆவணங்கள் உள்ளன. கொல்லம் 1130-இல் எழுதியது மலையாள எழுத்தில் இருக்கிறது; 1134-இல் எழுதியது தமிழில் இருக்கிறது. தோப்பின் நான்கு எல்லைகளும், கிணற்றங்கரையில் நிற்கும் பலாமரமும் இரண்டிலும் அப்படியே குறிக்கப்பட்டுள்ளன.

பலகையில் பிழை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், திருத்தணியும் 1956 நவம்பர் 1-இல் சேர்ந்தது என்று நானே எழுதிவிட்டேன். கைப்பேசியில் வந்த ஒரு பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்ததால் நேர்ந்த பிழை அது. திருத்தணிப் பக்கத்திலிருந்து இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர், மாலையில் என்னைத் தேடி வந்து, ஏப்ரல் 1 அன்று தம் ஊரில் மக்கள் எப்படித் திரண்டார்கள் என்று அரை மணிநேரம் சொன்னார். அப்போது அவர் பள்ளிச் சிறுவர். அன்றிரவே அழித்து எழுதினேன். ஆனால் காலையில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் அந்தத் திருத்தத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது உறுத்தியது. ஆகவே அன்றுமுதல் பலகையின் வலது மூலையில் ஒரு சாண் இடத்தைத் திருத்தங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். எந்தப் பிழையானாலும் திருத்தம் மூன்று நாள் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, எங்கிருந்து அறிந்தீர்கள் என்பதையும் குறிப்பிட்டு, நாளிதழ் மேசையின் இழுப்பறையில் போட்டுவிடுங்கள். வாசகசாலை காலை ஏழு மணிக்குத் திறக்கும். நவம்பர் 1 அன்றும் திறந்திருக்கும்.